ஓவர்மாரோ பத்து மணிக்கு எடுக்கிறோம்

என் முட்டாள்தனங்களில் பலவற்றை மறைத்துவிட்டேன். இதை மட்டும் முடியவில்லை; சாட்சிகள் அதிகம்.

பி.ஏ. ஆங்கிலம் முடித்து ஆவடியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். (மூன்று பேருக்குத்தான். பந்தா முப்பது பேருக்கு.) ஒரு பழைய அகராதியில் ‘ஓவர்மாரோ’ என்ற சொல் கிடைத்தது. நாளை மறுநாள் என்று பொருள். வெள்ளைக்காரனே எப்போதோ கைவிட்ட சொல். அதற்கு மறுவாழ்வு கொடுப்பது என் கடமை என்று நானே முடிவு செய்தேன்.

அந்த வாரம் என் தாய்மாமா இறந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் காலமெல்லாம் லேத் ஓட்டியவர். மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும் என்பதால் நாளை மறுநாள் எடுப்பதாக முடிவானது.

அத்தை அழுதுகொண்டே ஒன்றுதான் கேட்டார்: “கூட வேல செஞ்சவங்கதான் தோள் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருப்பாரு. நீ படிச்ச புள்ள, அவங்களுக்கு தகவல் சொல்லிடு நைனா.”

பட்டறையின் வாட்ஸப் குழுவில் வடநாட்டு ஆட்களும் இருந்ததால், மாமாவின் போனிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதினேன். மாமாவின் போட்டோ, முகவரி, ‘ஓவர்மாரோ காலை பத்து மணி’. அனுப்பிவிட்டு, துக்க வீட்டில், சந்தோஷப்பட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மொத்தப் பட்டறையும் மாலையோடு பருத்திப்பட்டில் மாமா வீட்டு வாசலில் வந்து இறங்கியது. மாமா ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தார். பாடைகூடக் கட்டவில்லை.

“இன்னாபா, ஒண்ணுமே ரெடி பண்லியா?” என்றார் செல்வம், மாமாவின் பக்கத்து மெஷின்காரர்.

விளக்கினேன். பெட்டிக்கு அருகிலேயே நின்று அந்தச் சொல்லின் வரலாற்றையும் சொன்னேன்.

“எனக்கு தெரிஞ்சது டுமாரோ ஒண்ணுதாம்பா,” என்றார் அவர். “சாவு ஊட்டுக்கு போன் பண்ணி அர்த்தமா கேப்பாங்க? இன்னிக்கு லீவு குடுத்ததே பெருசு. நாளைக்கு ஓனர் உட மாட்டாரு.”

மதியம் வரை பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் தோள் கொடுக்கச் சொந்தத்திலேயே ஆள் பிடித்தோம். முன்பக்கம் ஒரு தோள் என்னுடையது. கிளம்பும்வரை அத்தை தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றும் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் “வந்துட்டாருபா ஓவர்மாரோ” என்பார்கள். அத்தையும் சிரிப்பார். போன மாதம் மாங்காட்டில் ஒரு காதுகுத்தில் அப்படிச் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“நான் செத்தா நீ ஒண்ணியும் எழுதாத நைனா. ஊடு ஊடா போய் வாயால சொல்லு.”

பந்தியே சிரித்தது. அத்தை மட்டும் என் கையை விடவில்லை.