வாகா வாகாவுக்கு மூன்று கிழமை

2007 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டரை மணி. கொலோன் நகரில் மூன்றாம் மாடி வீடொன்றின் யன்னல் விளிம்பில் நாற்பது மிளகாய்க் கன்றுகள். அவற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நடேசன். இந்த வருடம் முதற்பரிசு தனக்குத்தான் என்று அவர் அப்போதுதான் முடிவெடுத்திருந்தார்.

நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டச் சங்கம் இருந்தது. ஆளுக்கொரு துண்டு நிலம், ஒரு பலகைக் கொட்டில். ஒக்ரோபர் முதல் ஞாயிறு அறுவடை விழா. மிளகாய்க்கென்று தனிப் பரிசு உண்டு. முந்திய வருடம் நடேசனுக்கு மூன்றாம் பரிசு. போட்டியிட்டவர்கள் மூன்று பேர். இரண்டாம் பரிசு பக்கத்துத் துண்டு யோசப்புக்கு. அதைத்தான் நடேசனால் தாங்க முடியவில்லை.

தொலைபேசி அடித்தது. மனைவி ரஞ்சினி எடுத்தார். பேசி முடித்து வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"தம்பியின்ரை மூத்தவளுக்குக் கலியாணம் சரி வந்திட்டுது. ஓகஸ்ட் கடைசி. மூண்டு கிழமை போய் நிண்டிட்டு வருவம்."

தம்பி செல்வரட்ணம் அவுஸ்திரேலியாவில் ஆண் தாதி. இருக்கும் ஊரின் பெயர் வாகா வாகா.

ஓகஸ்ட் கடைசியில்தான் மிளகாய் பழுக்கத் தொடங்கும். பழுக்கிற நேரம் பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும் என்பது நடேசனின் கொள்கை. ரஞ்சினிக்குப் பிரசவம் நடந்தபோது அவர் அப்படிப் பக்கத்தில் நின்றதாகத் தகவல் இல்லை.

ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. மைத்துனன் வீட்டுக் கலியாணத்துக்குப் போகாத மனுசனின் செத்தவீட்டுக்குச் சனம் வராது. ஆகவே ரஞ்சினியே போகவில்லை என்று சொல்லவேண்டும். அதற்கு ஒரு வழி நடேசனுக்குத் தெரியும்.

பதினாலு வருடத்துக்கு முன் ஹார்ஸ் மலைப் பக்கம் அவருக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்தது. ஊரின் பெயர் ஏலென்ட். ஜெர்மன் மொழியில் அதற்குத் துன்பம் என்று பொருள். "துன்பத்திலை போய்க் குடித்தனம் நடத்தேலாது" என்று ரஞ்சினி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வேலை போனது. மனைவி ஊர்ப்பெயருக்குப் பயந்தவள் என்ற அறிவு மட்டும் மிஞ்சியது.

நடேசன் நூலகத்துக்குப் போனார். அவுஸ்திரேலிய ஊர்ப்பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றோடு திரும்பினார். அந்த மண்ணின் பழங்குடி மக்கள் வைத்த பெயர்கள். மூன்று நாள் படித்தார். நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இஞ்சேரும், உம்மடை தம்பி இருக்கிற பக்கத்து ஊர்ப்பேரெல்லாம் பார்த்தன்."

"ஏன், பொலிஸ் தேடுதோ?"

"பகிடி விடாதையும். நராண்டெரா எண்டு ஒரு ஊர். என்ன கருத்து தெரியுமோ? ஓணான்."

"எங்கடை குளியலறையிலை சிலந்தி இருக்குது. அதுக்கு ஒருத்தரும் பேர் வைக்கேல்லை, அவ்வளவுதான்."

"குண்டகாய். கோடாலியாலை முழங்காலுக்குப் பின்னாலை விழுந்த வெட்டு எண்டு ஒரு கதை இருக்குதாம்."

"ஆருக்கு வெட்டினது?"

"அது போடேல்லை."

"பின்னை அரைகுறைப் புத்தகம். புட்டைச் சாப்பிடுங்கோ."

"கூட்டமண்ட்ரா. ஆமை."

"ஆமை நல்ல சீவன். ஒருத்தற்ரை சோலிக்கும் போகாது. ஒரு வேலைக்கும் அவசரப்படாது. எனக்குப் பழக்கம்தானே."

நடேசன் மனம் தளரவில்லை. பெரிய வெடியைக் கடைசிக்கு வைத்திருந்தார். ரஞ்சினிக்குக் காகம் கண்ணிலும் காட்டக்கூடாது என்பது அவர் கண்ட உண்மை. ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில், சனிக்கிழமைகளில், ரஞ்சினி பல்கனியில் நின்று காகத்தைத் திட்டுவார். சாதாரணத் திட்டில்லை. எதிர்வீட்டு ஜெர்மன் கிழவி யன்னலைச் சாத்துமளவுக்குத் திட்டு.

"வாகா வாகா எண்டால் என்ன தெரியுமோ?"

"என்ன?"

"காகம்."

ரஞ்சினி கோப்பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு காகம்?"

"கனக்க. விராஜுரி எண்ட சனம் வைச்ச பேராம். ஒருக்காச் சொன்னால் ஒரு காகம். ரெண்டுதரம் சொன்னால் ஊர் நிறையக் காகம். அப்பிடித்தான் போட்டிருக்கு."

"நாங்கள் கூட்டம் கூட்டமாய் எண்டு சொல்லுறமாதிரி."

"ஓம். அதே மாதிரி. கதவைத் திறந்தால் காகம். நிமிந்தால் காகம்."

ரஞ்சினி எழுந்து தொலைபேசிக்குப் போனார். நடேசன் இரண்டாம் முறை புட்டுப் போட்டுக்கொண்டார். வெற்றி பசியைக் கிளப்பும்.

அங்கே விடியற்காலை. ஒலிபெருக்கியில் செல்வரட்ணத்தின் குரல் நித்திரையோடு வந்தது.

"என்னக்கா, சுகமோ?"

"தம்பி, உங்கை காகம் வருமோ?"

"காகமோ? உடுப்புக் காயப்போடேலாதக்கா."

"சோறு வைச்சால்?"

"வைக்க முன்னம் வந்து நிக்கும். ஏன் கேக்கிறியள்?"

"ஊர்ப்பேரே காகமாமே."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுறது. என்னோடை வேலை செய்யிற விராஜுரிப் பிள்ளை, வேறை கருத்தும் இருக்கலாம் எண்டு சொல்லுறா. அவையளின்ரை பாஷை, அவையளைத்தான் கேக்கவேணும். ஆனால் காகத்துக்குக் குறைவில்லை."

ரஞ்சினி தொலைபேசியை வைத்துவிட்டு, சாமிப்படத்தின் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டார். நடேசனின் கையில் புட்டு நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ரஞ்சினி புரட்டாதிச் சனி விரதம் பிடிப்பவர். காகத்துக்குச் சோறு வைத்து, அது வந்து கொத்திய பிறகே வாயில் தண்ணீர் படவேண்டும். கொலோனில் சோற்றுக்குப் புறா வரும். காகம் எதிர்க்கூரையில் இருந்து வேடிக்கை பார்க்கும். முந்திய வருடம் பின்னேரம் மூன்று மணிவரை அந்த அம்மா பட்டினி. திட்டியது காகம் வந்ததற்காக அல்ல, வராததற்காக. நடேசன் விரதம் பிடிப்பதில்லை. அந்த நேரங்களில் அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆகவே விசாரிக்கவில்லை.

"மூண்டு கிழமை காணாது," என்றார் ரஞ்சினி. "புரட்டாதிக் கடைசிச் சனி முடிச்சுக்கொண்டுதான் வாறம். ஒக்ரோபர் நடுப்பகுதி."

"உமக்கென்ன விசரோ? துன்பம் எண்ட பேரைக் கேட்டு ஏலென்டுக்கு வரமாட்டன் எண்டனீர். கோடாலி, ஓணான் எண்டால் பயமில்லையோ?"

"அது உங்கடை பெரியம்மான்ரை மகன் பக்கத்து ஊரிலை இருந்தவர். கிழமைக்குக் கிழமை வந்து நிண்டிருப்பார். அதை முகத்துக்கு முன்னாலை சொல்லேலுமோ?"

நடேசன் கொஞ்சநேரம் பதினாலு வருடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊருக்குப் பேர் வைச்ச சனம், அந்த இடத்திலை என்ன கிடைக்கும் எண்டு சொல்லித்தான் வைச்சிருக்கினம்," என்றார் ரஞ்சினி. "உங்களை மாதிரி மனுசியை வெருட்ட இல்லை."

தான் பிடிபட்டது நடேசனுக்குப் புரிந்தது. இருந்தும் கடைசி வாசலை முட்டிப்பார்த்தார்.

"எட்டுக் கிழமை ஆர் எனக்கு லீவு தாறது?"

"உங்கடை முதலாளியின்ரை மனுசி. போன மார்கழி நத்தார் விருந்திலையே கேட்டு வைச்சனான். மேலதிக நேரம் கனக்கச் சேர்ந்து கிடக்குதாம். அந்த மனுசி நான் பொரிக்கிற ரோல்ஸ் எண்டால் உயிரை விடும்."

"நத்தாரிலையோ? கலியாணம் போன சனிக்கிழமையெல்லோ சரிவந்தது?"

"பொம்பிளைப் பிள்ளை உள்ள வீடு. எப்பவோ ஒருநாள் சரிவரும்தானே."

"தோட்டம்?"

"அதுக்கும் ஆள் பார்த்தாச்சு. பக்கத்திலைதானே இருக்கிறார், தண்ணி விடுறது பெரிய வேலையோ எண்டு கேட்டார். கொட்டில் திறப்பை யோசப் அண்ணையிட்டைக் குடுப்பம்."

நடேசன் புத்தகத்தை மூடினார். அதைத் திருப்பிக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. அடுத்த நாளே கொடுத்துவிட்டார்.

2007 ஒக்ரோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, தோட்டச் சங்கத்தின் அறுவடை விழாவில் மிளகாய்க்கான முதற்பரிசு யோசப்புக்கு வழங்கப்பட்டது. பழங்கள் நடேசனின் துண்டில் பறிக்கப்பட்டவை.