வெயிலில் மூணரை, மழையில் நாலரை

இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்து இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் மூணரை சாரைச் சந்தித்ததில்லை. காந்தி வீதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், ஜன்னலோர மேசையில், நாலடிக்கு இரண்டடி பரப்பில் அவர் தனியாக ஒரு நேரத்தை ஆண்டுவந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் மதியம் என்றால், அந்தப் பக்கம் காலை.

எங்கள் அலுவலகம் பிரான்சுக்காரர்களின் பற்களை நம்பி நடந்தது. அங்கே ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தால் போன் இங்கே அடிக்கும். நாங்கள் பிரெஞ்சில் ஆறுதல் சொல்லி, அங்குள்ள பல் டாக்டரின் கம்ப்யூட்டர் காலண்டரில் நாளும் மணியும் குறித்துக்கொடுப்போம். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்தள்ளியதும் அது நாலரை. மூணரை சாரின் பட்டப்பெயரும் கூடவே நகரும். வெயில் காலத்தில் மூணரை, மழை பிடித்துக்கொண்டால் நாலரை. வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

வேலை பார்த்த மில் மூடியபின் எங்களிடம் வந்தவர். குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிள். பாதிரியார் பள்ளியில் படித்த, கஞ்சி போட்டு இஸ்திரி மடித்த பிரெஞ்சு. பிரான்சில் இப்போது அப்படி யாரும் பேசுவதில்லை என்று அங்கிருந்தே சொன்னார்கள்.

அவருடைய டெஸ்க்டாப் பாரிஸ் நேரத்தில் ஓடியது. அவர் வயிறும். பாரிசில் பன்னிரண்டு அடித்தால்தான் மீன் குழம்பு டப்பா திறக்கும். அதாவது நமக்கு மூன்றரை. நாங்கள் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, அந்த வாசனைக்காக மறுபடி பசித்துக் காத்திருப்போம். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி அவரிடம் மணி கேட்டிருக்கிறாள்.

"நம்ம டைமா, அவுங்க டைமா?"

"எந்த டைமுக்கு வில்லியனூர் பஸ்ஸு வருமோ, அந்த டைம சொல்லுய்யா."

இந்தக் கதையை அவரே சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

கம்ப்யூட்டரில் 'நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்' என்று ஒரு கட்டம் உண்டு. மூணரை சாருக்கு அது தனிப்பட்ட அவமதிப்பு. "அதுவா மாத்திக்கினா நான் எதுக்குய்யா இங்க குந்திக்கினு இருக்கேன்?" என்பார். அதனால் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் தன் கையால் ஒரு மணி நேரத்தைக் குறைத்துவிட்டுப் போவார். கட்டத்திலிருந்த டிக்கை மட்டும் எடுக்க மாட்டார்; மறுநாள் இயந்திரமும் தன் கடமையைச் செய்யும். திங்கட்கிழமை அவர் பாரிஸ், அசல் பாரிசை விட ஒரு மணி நேரம் பின்தங்கி விழிக்கும். ஒரு வருஷம் வீங்கிய கன்னத்தோடு போன் செய்த ஒரு பெண்மணியிடம், "இப்பத்தான் பதினொண்ணு, நிதானமா வாங்க மதாம்" என்று இஸ்திரி மொழியில் சொல்லிவிட்டார். அங்கே பன்னிரண்டாகி, டாக்டர் சாப்பிடப் போய்விட்டிருந்தார்.

அந்தப் பெண்மணியின் அடுத்த போனை எடுத்தது பக்கத்து மேசைத் தேவகி. "பூட்டுன கதவு முன்னால நின்னுக்கினு அழுவுது சார், அந்தம்மா."

"மெஷினு பண்ண வேலைம்மா அது," என்றார். உண்மையில் பாதிதான் மெஷின்.

பிறந்தநாள்கள் இன்னும் மோசம். எங்கள் எல்லோருடைய பிறந்தநாளையும் மேனேஜர் தன் கணினியில், எல்லோர் காலண்டரிலும் வரும்படி, இந்திய நள்ளிரவு தொடங்கி முழு நாளாகக் குறித்துவைத்தார். நமது நள்ளிரவு, பாரிஸ் நேரத்து டெஸ்க்டாப்பில் முந்தின நாள் சாயங்காலம் எட்டரை. ஆகவே மூணரை சார் எல்லோருக்கும் ஒரு நாள் முன்னதாகவே கேக்கோடு வந்து நின்றார்.

"நாளைக்குத்தான சார் எனக்கு," என்றாள் தேவகி.

"நீ இங்க பொறந்தப்போ அங்க முந்தின நாளும்மா."

"அப்போ அந்த ஊர்ல எனக்கு ஒரு நாள் வயசு கூடவா?"

அவர் கத்தியை அவளிடம் நீட்டினார். "கேக்க வெட்டு," என்றார்.

தேவகி பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருபவள். ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியர். அவள் பெண் நர்சிங் சேர்ந்த வருஷம், பாரிசிலிருந்து ஒரு கடிதம் வந்தது: திங்கட்கிழமை, பத்து மணி, வீடியோவில் நேர்காணல். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் டிசம்பரோடு சரி. அந்தத் திங்கள், கடிகாரம் மாறும் ஞாயிற்றுக்கு அடுத்த திங்கள்.

அவள் காலண்டர் நேர்காணலை ஒன்றரைக்குக் காட்டியது. அழைப்பு கோடையில் அனுப்பப்பட்டதால் கோடைக் கணக்கு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "கம்ப்யூட்டர் சொல்றதுதான் சரி," என்றார் மேனேஜர். "ரெண்டரை. நாலரை காலம் வந்தாச்சு, ரெண்டரை," என்று சனிக்கிழமை மூணரை சார் மேசையில் தட்டிச் சொன்னார். சொன்னவர் தன் வழக்கப்படி நேரத்தைக் கையால் குறைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். திங்கள் காலை அவர் கம்ப்யூட்டர் கணக்கில், பாரிசின் பத்து மணி நமக்கு மூன்றரைக்குத்தான் வருவதாக இருந்தது. விசாரித்து மெயில் போட்டோம். விடுப்பில் இருக்கிறேன், திங்கட்கிழமை வருவேன் என்று நேர்காணல் நடத்தும் பாரிஸ் அம்மாளின் பெட்டி தானாகப் பதில் தந்தது.

வெளியே மழை, ஊரின் எல்லா மணிகளையும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைத்துக்கொண்டிருந்தது. தேவகி அவர் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"சார், சத்தியமா சொல்லுங்க. எத்தன மணி?"

அவர் திரையைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தெரியலம்மா," என்றார்.

நான் அங்கே வேலை பார்த்த மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

ஒன்றரைக்கு பாரிசில் கடை திறந்துவிடும், போன்கள் குவியும். நேர்காணல் அழைப்பு வரும்வரை தேவகி இருக்கையை விட்டு எழக்கூடாது என்றார் மேனேஜர். மூணரை சார் எழுந்து தலையை வாரிக்கொண்டார். "அவ அவ வேலயப் பாக்கட்டும். ஒன்றர, ரெண்டர, மூணர, மூணு நேரத்துக்கும் நான் குந்துறேன்."

ஒன்றரைக்கு உள்ளறையில் கேமரா முன்னால் உட்கார்ந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல, காலர் பொத்தான் வரை பூட்டி, இரண்டு கையும் மேசைமேல். திரையில் அவர் முகம் மட்டும் இருந்தது. நான் டீ கொண்டுபோனேன். "வச்சிட்டுப் போ தம்பி, படம் ஆடிச்சின்னா தெரியாம பூடும்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். டீ ஆடை கட்டியது. ஒரு மணி நேரம் அந்த மனிதர் தன் முகத்தையே காவல் காத்தார்.

இரண்டரை ஆகச் சில நிமிடம் இருக்கும்போது திரையில் அந்த பாரிஸ் அம்மாள் தோன்றினாள். மூணரை சார் எழுந்து நின்றுவிட்டார். கேமராவில் அவருடைய பெல்ட் மட்டும் தெரிந்தது.

"பொன்ழூர், மதாம்," என்று வணக்கம் வைத்தது பெல்ட்.

நான் தேவகியிடம் ஓடினேன். அவள் யாரோ ஒருவரின் பல்லைப் பாதியில் என்னிடம் ஒப்படைத்துவிட்டு வருவதற்குள், அவர் உட்கார்ந்து, மழையைப் பற்றியும், இரு நாட்டு மழைக்கும் உள்ள வேறுபாடு பற்றியும் கஞ்சி பிரெஞ்சில் பேசி அந்த அம்மாளைப் பிடித்துவைத்திருந்தார். திறந்த கதவு வழியே நான் பார்த்தேன், அந்த அம்மாள் சிரித்தபடி ஏதோ கேட்டாள். உங்கள் ஊரில் இப்போது மணி என்ன என்று.

அவர் சுவரில் இருந்த எங்கள் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தெஸேர் எ தெமி, மதாம்," என்றார். இரண்டரை. நம்முடைய இரண்டரை.

பிறகு நாற்காலியைத் தேவகிக்கு விட்டுவிட்டு வெளியே வந்து, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நான் சனிக்கிழமையே சொன்னேன்," என்றார் யாரிடமோ.

தேவகிக்கு வேலை நிரந்தரமாயிற்று. அவர் ஓய்வு பெற்றுப் போனார். அவருடைய டெஸ்க்டாப்பை இந்திய நேரத்துக்கு மாற்றினார்கள். ஜன்னலோரத்தில் மதியம் மதியமாகவே வந்தது. நானும் பிறகு வேலையை விட்டேன்.

இன்று காலை தேவகி போன் செய்தாள்.

"நாளைக்கு நம்ம சாருக்குப் பொறந்தநாளு. கேக் சொல்லிட்டேன். குருசுக்குப்பத்துக்கு இன்னைக்கே போயிடலாம், வர்றீங்களா?"