மூத்தாளுக்கு ஒரு சேலை

"எந்த மாதிரி எடுக்கட்டும் சார்?" என்று ஜவுளிக்கடையில் அப்ரின் கேட்டதும் எழுத்தாளர் வேலுமணிக்குத் திக்கென்றது.

"உங்க அத்தா எங்கம்மா?"

"கண் ஆபரேஷனுக்கு மதுரை போயிருக்காங்க. ரெண்டு நாளா நான்தான் கடையைப் பாத்துக்கிறேன்."

வேலுமணி திருதிருவென்று விழித்தார். நாளைக்கு அவருடைய முதல் மனைவி இந்துவின் திதி. மூத்தாளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைத்து, கும்பிட்ட பிறகு அதை இளையாள் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக வந்த செல்வி எட்டு வருடமாக இதைத் தவறவிட்டதில்லை. ஒருமுறை வைத்த மாதிரிச் சேலையை மறுமுறை வைக்கவும் விடமாட்டாள்.

சேலை வாங்குவது மட்டும் வேலுமணியின் பொறுப்பு. அது ஒன்றும் கஷ்டமில்லை. கொடைக்கானல் பஜாரில் அப்ரினின் தகப்பனார் சேக் பரீது கடைக்கு வந்து நிற்பார். பாய் எதுவும் கேட்காமல் ஒரே ஒரு சேலையை விரிப்பார். இந்து எப்போதோ கட்டியிருந்த சேலை மாதிரியே இருக்கும். அந்தக் காலத்தில் இந்துவுக்குச் சேலை விற்றவர் அல்லவா பாய், என்ன ஞாபகசக்தி என்று வியந்தபடி வாங்கிப் போவார்.

இன்றைக்கு அப்ரின் நாற்பது சேலைகளை விரித்துவிட்டாள். ஒன்றிலும் இந்து இல்லை.

பதினான்கு நாவல் எழுதியவர். பெண் மனசு தெரிந்தவர் என்று வாசகிகள் கொண்டாடுகிற மனிதர். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் என்ன சேலை கட்டினாள் என்று நினைத்துப் பார்த்தால், முகம் வந்தது, சிரிப்பு வந்தது, சேலை மட்டும் வரவில்லை. அவருக்குப் பயமாகிவிட்டது. இப்படியே ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் முகமும் போய்விடுமோ?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீலத்தைத் தொட்டார்.

அட்டுவம்பட்டி வீட்டில் செல்வி சிவப்புப் பேனாவும் கையுமாகக் கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நீலச்சேலையைப் பார்த்ததும் பேனா நின்றது.

"இது யாருக்குங்க?"

அந்தக் குரல் சரியில்லை. வேலுமணி பதறி, "உனக்குத்தான்" என்றார்.

"நல்லாருக்கே! மூத்தவங்களுக்கு வைக்காம எனக்குப் புதுசா? அக்கா என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"அவளுக்கும் எடுத்திருக்கேன். கடையில கெடக்கு. வெரசாப் போய் வாங்கிட்டு வந்துர்றேன்."

பாதி வழியில் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சண்முகப்பிரியாவுக்குப் போன் போட்டார்.

"பிரியா, உங்கம்மா எந்த மாதிரி சேலை விரும்பிக் கட்டுவா? ஒரு கதைக்காகக் கேக்குறேன்."

"கதைக்கா, திதிக்காப்பா?"

வேலுமணி இருமினார்.

"அம்மாவை மறந்துட்டீங்களாப்பா?" என்று மகள் அழ ஆரம்பித்தாள். சமாதானம் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். கலங்கிப்போனவர் கடைக்குள் நுழைந்து, கைக்கு அகப்பட்ட சிவப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

செல்வி வாசலிலேயே நின்றாள்.

"பிரியா போன் பண்ணுனா. ஒரே அழுகை."

சிவப்புச் சேலையைப் பிரித்துப் பார்த்தாள். "இதை அக்கா கட்டுவாங்களா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. வேலுமணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மறந்துபோச்சு செல்வி. எட்டு வருசமா அந்தப் பாய்தான் என் மானத்தைக் காப்பாத்துனாரு. நான் எல்லாம் ஒரு எழுத்தாளனா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் உங்க கதை எதையும் படிச்சதில்லையே. ரெண்டு பக்கம் தாண்டுனா தூக்கம் வந்துருது."

இதுதான் வேலுமணியின் தீராத மனக்குறை. இந்து உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வரியையும் முதலில் படித்தவள். செல்வி வந்த நாள் முதல் தன் புத்தகம் எதையும் அவள் விரித்து அவர் பார்த்ததில்லை. கேட்டால், கணக்கு டீச்சருக்குக் கதை எதற்கு என்பாள். இந்த நேரத்திலும் குத்திக்காட்டுகிறாளே என்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

செல்வி அதைப் பார்த்துவிட்டாள். அவர் மப்ளரைச் சரியாகச் சுற்றிவிட்டு, "ஏங்க, பாய் ஒண்ணும் எடுத்து வைக்கலையா?" என்றாள் மெதுவாக.

"அவரு கண் ஆபரேஷன்னு மதுரையில கெடக்காரு."

"கண்ணுலதானே ஆபரேஷன், போன்ல பேசுற வாயிலயுமா? அந்தப் பிள்ளையை அவர்ட்ட கேக்கச் சொல்லுங்க. போங்க, பனி எறங்குறதுக்குள்ள வந்துருங்க."

மூன்றாம் முறையாக அவர் வருவதைப் பார்த்ததும் அப்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கியபடியே தகப்பனாருக்குப் போன் போட்டுப் பேசினாள். கல்லாவுக்கு அடியில் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

பிளம்ஸ் பழ நிறம். மெல்லிய வெள்ளிக்கரை. வேலுமணி அதைக் கையில் வாங்கினார். கண்முன்னே ஏரிக்கரையில், காற்றில் பறக்கும் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் வேகவைத்த சோளத்தோடு இந்து நின்றாள். முழுசாக, சேலையோடு நின்றாள். அவர் கூச்சமில்லாமல் அழுதார்.

"உங்க அத்தாவுக்கு என்ன ஞாபகம்மா! இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி வித்த சேலை!"

"அத்தாவுக்கு ஏது சார் ஞாபகம்? டீச்சர்தான் வருசா வருசம் உங்க பழைய நாவல் ஒண்ணைக் கொண்டாந்து, சேலையைப் பத்தி எழுதியிருக்கிற வரியில சிவப்பு மையில கோடு போட்டுக் காட்டி, இதே மாதிரி வேணும்னு சொல்லிட்டுப் போவாங்களாம். இந்தாங்க, இந்த வருசப் புஸ்தகமும் பொட்டலத்துக்குள்ளயே கெடக்கு!"