குலுக்காத மருந்து

மூன்று நாளுக்கு மேல் எந்த மருந்தையும் தொடுவதில்லை என்று வியாழக்கிழமை காலை வெண்கலம் ஒரு தீர்மானம் போட்டார். அவர் வீட்டில் போடும் தீர்மானங்கள் மனத்துக்குள்ளேயே நிறைவேறி, மனத்துக்குள்ளேயே ரத்தாகிவிடும். மனைவி காதுக்குப் போனால்தானே வம்பு. ஆனால் இந்தத் தடவை காரியத்திலேயே இறங்கிவிட்டார். பாவம், நேரம் சரியில்லை.

வெண்கலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஏலக்கூடத்தில் விழுந்த பெயர். பழைய மேசை, கட்டில், கடிகாரம் என்று வந்து குவிகிற சாமான்களை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று கூவி விற்பது அவர் தொழில். மைக் கிடையாது. "ஒரு தரம்" என்றால் கூடத்தின் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காரும். "ரெண்டு தரம்" என்றால் தெருவில் போகிறவன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான். "மூணு தரம்" என்று சொல்லிவிட்டால் யார் வந்து கெஞ்சினாலும் பேச்சுக்கு இடமில்லை. இருபத்திரண்டு வருஷம் இதையே சொல்லிச் சொல்லி, உலகத்தில் எந்த விவகாரமும் மூன்றோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

அப்பேர்ப்பட்ட தொண்டை போன வாரம் மக்கர் பண்ணியது. எச்சில் விழுங்கினால் முள் குத்தியது. வருகிற ஞாயிற்றுக்கிழமையோ பெரிய ஏலம். மூடிப்போன ஒரு ஹோட்டலின் மொத்தச் சாமானும் வருகிறது. முதலாளியின் மச்சான் புது மைக் ஒன்றை வாங்கி, அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"தொண்டை சரியாகலேன்னா சொல்லுங்க. மச்சான் பாத்துக்குவான்" என்றார் முதலாளி. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் வெண்கலத்துக்குப் பிடிக்கவில்லை. மச்சான் ஒருமுறை பெட்டி மேல் ஏறினால் இறங்குகிற ஆள் இல்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மா தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பென்சிலின் மருந்து முன்னால் எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்று விசாரித்தார். அதெல்லாம் இல்லை என்றதும் பத்து நாளைக்கு மாத்திரை எழுதப்போனார். வெண்கலத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"இவருக்கு மாத்திரை இறங்காது டாக்டர். இது வரைக்கும் உள்ள போனதைவிட வெளிய வந்ததுதான் ஜாஸ்தி" என்று மனைவி போட்டு உடைத்தாள்.

டாக்டரம்மா மாற்றி எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "சிரப்பா? குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"நாப்பத்தொம்பது" என்றாள் மனைவி.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடம் எடுத்தார். பாட்டிலில் இருப்பது பொடி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரைக்கும் விட்டுக் கலக்க வேண்டும். பிரிட்ஜில் வைக்க வேண்டும். குடிக்கும்போதெல்லாம் நன்றாகக் குலுக்கி, கூடவே வருகிற அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும், சமையல்கட்டு ஸ்பூன் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை.

"முக்கியமா ஒண்ணும்மா. ரெண்டு மூணு நாள்ல சரியாப்போன மாதிரி இருக்கும். நிறுத்திடக் கூடாது. பத்து நாளும் குடிச்சு முடிக்கணும். மிச்சம் பிடிச்சு வச்சு அடுத்த தடவைக்கு ஆகும்னு நினைக்கவே கூடாது."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

வெண்கலம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரருக்குத் தெரியாது. வெண்கலத்துக்குத் தெரியும். தெரிந்தும் துணிந்தார் என்றால் விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் ஒழுங்காகக் குடித்தார். மனைவி முன்னறையில் தையல் மெஷினில் இருந்தபடியே, "மருந்து?" என்பாள். "ஆச்சு" என்பார் இவர், சமையல்கட்டிலிருந்து. வியாழக்கிழமை காலை எச்சில் விழுங்கிப் பார்த்தார். முள்ளைக் காணோம். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு "ஒரு தரம்" என்று சொல்லிப் பார்த்தார். வாளி அதிர்ந்தது. மூன்று நாள் ஆயிற்று, நோய் முடிந்தது. மீதி மருந்தை எதற்குக் குடித்து வீணாக்க வேண்டும்? சேர்த்து வைத்தால் அடுத்த சளிக்கு ஆகும், டாக்டரும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். மனைவி தினமும் பிரிட்ஜைத் திறந்து பாட்டிலில் மருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். குறைய வேண்டும், ஆனால் குடிக்கக் கூடாது. வெண்கலம் பழைய இருமல் மருந்து பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்துக் கழுவினார். வேளாவேளைக்கு அளவு மூடியில் ஊற்றி, அந்த மூடியிலிருந்து இருமல் பாட்டிலுக்கு மாற்றி, பீரோவுக்கு மேலே சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். "மருந்து?" "ஆச்சு." பொய்யும் இல்லை பாருங்கள். எதுவோ ஒன்று ஆகத்தானே செய்தது.

சனிக்கிழமை விடிந்ததும் முள் திரும்பி வந்துவிட்டது. தூசியாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போய், ஹோட்டல் சாமான்களுக்கு நம்பர் ஒட்டிவிட்டு, நாலு மணிக்கு வீடு திரும்பினார். தொண்டையில் பாதிக் காற்று, பாதிக் குரல்.

மனைவி மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"கீழ்வீட்டுக் கண்டக்டர் அண்ணன் காலைல இருந்து ஒரே இருமல். கேக்கவே பரிதாபமா இருந்துச்சு."

"ம்."

"நல்லவேளை, ஒட்டடை அடிக்கறப்ப பீரோ மேல ஒரு பாட்டில் இருமல் மருந்து கிடைச்சுது. குடுத்துட்டு வந்தேன்."

வெண்கலத்தின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

கண்டக்டரின் கதை அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். வாலிபத்தில் ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரிய பாடு. இந்த வகை மருந்து ஆயுசுக்கும் ஆகாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை இன்றைக்கும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். மாடிப்படியில் நின்று பேச ஆரம்பித்தால் அந்தச் சீட்டைக் காட்டாமல் விடமாட்டார்.

"எப்ப குடுத்தே?"

"இப்பதான். டீ குடிச்சதும் குடிக்கறேன்னாரு. ஏன், முகமெல்லாம் வேர்க்குது?"

சொல்லிவிடலாமா? சொன்னால் மூன்று நாள் பித்தலாட்டமும் வெளியே வரும். சொல்லாமல் நைசாகப் போய் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால்? இந்த நிமிஷத்திலும் கணக்குப் போடுகிற தன் புத்தியை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தார். கீழே வாசலில் நாற்காலி போட்டுக் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். டீ டம்ளர் காலி. மடியில் அந்த பாட்டில். மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"குடிக்காதீங்க" என்று கத்தினார் வெண்கலம்.

கத்தினதாக அவர்தான் நினைத்தார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, குரல் வரவில்லை. தெருமுனை வரை கேட்ட குரல் பால்கனிக் கம்பியைத் தாண்டவில்லை. இன்னொரு தரம் முயன்றார். காற்றுத்தான் வந்தது. கண்டக்டர் மருந்தை ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

வெண்கலம் படியில் ஓடினார். முப்பத்தாறு படி. எத்தனை படியில் கால் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் படியில் இனி எந்த முகத்தோடு ஏறுவேன் என்பது ஒன்றுதான் மனத்தில் இருந்தது. டம்ளர் உதட்டைத் தொடுகிற நேரத்தில் போய்த் தட்டிவிட்டார். அது உருண்டுபோய் சாக்கடைப் பக்கம் விழுந்தது.

"என்ன சார் இது?" என்றார் கண்டக்டர்.

"காலாவதியான மருந்து" என்று குசுகுசுத்தார் வெண்கலம். பார்த்தீர்களா, அப்போதும் உண்மை வரவில்லை.

"அவ்வளவுதானா? பரவாயில்ல சார். இருமல் மருந்துதானே, ஒண்ணும் செய்யாது. பாட்டில்ல இன்னும் இருக்கு." கண்டக்டர் பாட்டிலையே வாய்க்குக் கொண்டுபோனார்.

வெண்கலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பென்சிலின்" என்றார். சத்தமில்லை.

"என்னது? கேக்கல."

"பென்சிலின்."

"பெண் சீர்வரிசையா? சரியாக் கேக்கல சார். எழுதிக் காட்டுங்க." கண்டக்டர் காதில் செருகியிருந்த பென்சிலையும் ஒரு காகிதத்தையும் நீட்டினார்.

வெண்கலம் அவசர அவசரமாக எழுதினார்: 'இது இருமல் மருந்து இல்லை. பென்சிலின். எனக்குக் கொடுத்தது. நான் குடிக்காமல் ஒளித்து வைத்தேன். தயவு செய்து குடிக்காதீர்கள்.'

கண்டக்டர் படித்தார். நிதானமாக இன்னொரு தடவை படித்தார். பிறகு காகிதத்தை வெண்கலத்தைத் தாண்டிப் பின்பக்கம் நீட்டினார். அங்கே மனைவி நின்றிருந்தாள்.

"கையெழுத்து இல்லையே அண்ணே" என்றாள்.

"போடச் சொன்னாப் போடுவாரும்மா." கண்டக்டர் பாட்டிலில் மிச்சமிருந்ததை மடமடவென்று குடித்து வாயைத் துடைத்தார். "தேன் கொஞ்சம் கம்மி. தண்ணி ஜாஸ்தி."

வெண்கலம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் கண்டக்டரின் முகம் வீங்காமல் எப்போதும் போல இருந்ததைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க ஒளிச்சு வச்ச மருந்தைக் காலைலயே கடைல குடுத்துட்டேன், முறையா அழிச்சிடுவாங்க" என்றாள் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து. "இருமல் பாட்டில்ல இந்த மருந்தை ஊத்தி வைக்கறீங்களே. இவர் நிஜமாவே இருமி, நான் நிஜமாவே எடுத்துக் குடுத்திருந்தா?"

அவர் தலை குனிந்தார். குனிந்தபடியே குசுகுசுத்தார். "எப்படித் தெரிஞ்சுது?"

"மூணு நாள் சலக் சலக்குனு குலுக்கின சத்தம் கேட்டுச்சு. வியாழக்கிழமைல இருந்து சத்தமே இல்ல. நேத்துப் பாத்தா பாட்டில் அடில பொடி அப்படியே படிஞ்சு கிடக்குது. தேடினா, பீரோ மேல இன்னொரு பாட்டில். குடிக்கறவன்தானே குலுக்குவான்."

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா டார்ச் அடித்தார், திட்டினார். நடுவில் விட்டதை ஒரேயடியாகக் குடித்துச் சரிக்கட்ட முடியாது, புது மருந்து, மறுபடி முதலிலிருந்து பத்து நாள், குரல் திரும்பும் வரை பேசவே கூடாது என்றார். வெண்கலம் எழுதிக் கொடுத்த காகிதம் பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. கையெழுத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி மேல் மச்சான் ஏறினான். வெண்கலம் கீழே நின்று, ஹோட்டல் சாமானை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிற வேலையைச் செய்தார். நெஞ்சு எரிந்தது. காலையில் மனைவி, "மதியம் மருந்து?" என்று கேட்டபோது, வந்து குடிக்கிறேன் என்று சைகை காட்டிவிட்டு வந்திருந்தார். முந்நூறு பேர் நடுவில் குழந்தை சிரப் குடிக்கவா? சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டும்.

மணி இரண்டு. அவர் ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மச்சான் மைக்கில் மூச்சு வாங்கின நேரத்தில், கூடத்தின் பின்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

சலக். சலக். சலக்.

ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவி நடு வழியில் வந்துகொண்டிருந்தாள். முந்நூறு தலையும் திரும்பியது. நேராக வந்து, அளவு மூடியில் கோடு பார்த்து ஊற்றி, அவர் வாய்க்கு முன்னால் நீட்டினாள். இரண்டு கையிலும் கண்ணாடி. எங்கே ஓடுவது? உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"ஒரு தரம்" என்றாள் மனைவி.

"ரெண்டு தரம்" என்றது கூடம் மொத்தமும்.

வெண்கலம் அவசரமாக வாயைத் திறந்தார். மருந்து இறங்கியது. மச்சான் சுத்தியலை ஓங்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"மூணு தரம். வெண்கலம் அந்த அம்மாவுக்கே."