டோர்வால் கழுத்திழந்த படலம்

வாழ்க நஜீமுதீன்! கட்டத்தாளின் காவலன், பென்சில் முனையால் பின்னலுலகை ஆண்ட பெருந்தகை, மூக்கின் நுனியில் கண்ணாடியும் காதின் இடுக்கில் பென்சிலும் தரித்த கூர்விழிக் கோமான், வாழ்க! வாரம் ஏழு நாளும் ஏழு நிறத்தில் ஓடும் நொய்யல் நதியே, உன்னைத் தொட்டு வணங்கத்தான் ஆசை; கை சாயமாகிவிடும் என்பதால் கரையில் நின்றே கும்பிடுகிறோம். எம் நாவில் வந்தமர்ந்து, பதினாறே கட்ட உயரமுள்ள ஒரு மாவீரன் பொருட்டுப் பெருமாநல்லூர்ச் சாலையில் மூண்ட மகாயுத்தத்தை, ஒரு சொல்லும் கூட்டாமல், கேட்பவர் பேரம் பேசினால் ஒரு சொல் வேண்டுமானால் குறைத்து, உரைத்திட அருள்வாயாக.

அச்சாலையின் மேற்குப் புறத்தில், தகரக்கூரை தகதகக்க, முப்பத்திரண்டு மெஷின்கள் முரசென முழங்க, நின்றது அப்புசாமி என்னும் வள்ளலின் காலர் கம்பெனி. நேற்றுவரை புகையிலை விளைந்த பூமியில் இன்று பனியன் விளைவிக்கும் அந்தப் புரவலருக்கு, தலையும் தோளும் நடுவில் தரகர் எவரையும் வைத்துக்கொள்ளாமல் நேரடியாகவே வியாபாரம் செய்துகொண்டன; அதாவது, கழுத்து கிடையாது. அவருடைய அரண்மனையின் மூலையில், குழல்விளக்கின் கீழ், கட்டம் போட்ட தாளை விரித்து வீற்றிருந்தார் நம் நாயகர். சட்டைக் காலரில் ஒரு பூவோ புலியோ விழ வேண்டுமானால் முதலில் அது நஜீமுதீனின் தாளில் விழ வேண்டும். ஒரு கட்டத்துக்கு நூலின் ஒரு கண்ணி. அவர் கறுப்படித்த கட்டத்தில் மெஷின் கறுப்பு நூல் போடும், வெள்ளை விட்ட இடத்தில் வெள்ளை நூல் போடும். மெஷினே அவர் சொல்லுக்கு அடங்கியது. வீட்டில் நிலவரம் வேறு; அது இந்தக் காவியத்துக்கு அப்பாற்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் வரைந்த மான்களும் அன்னங்களும் ஐரோப்பாக் கண்டத்தின் கழுத்துகளைச் சுற்றிப் படுத்திருந்தன. ஆனால் எந்தக் காலரைத் திருப்பிப் பார்த்தாலும் உள்ளே இருந்த லேபிளில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெயர்தான் இருந்தது. தம் பெயரை உலகில் எங்காவது ஓரிடத்தில், ஒரு விரற்கடை அகலத்திலாவது, அச்சில் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று நம் நாயகர் உள்ளுக்குள் ஒரு சபதம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் வந்தது கணக்கில் சேராது, அதில் எழுத்துப்பிழை.

இந்நிலையில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆனி மாதத்தில், ஹாலந்து தேசத்துப் பையர், சரக்கு வாங்கும் சக்கரவர்த்தி, ஹென்ட்ரிக் என்பவரிடமிருந்து ஓலை வந்தது. ஃபேக்ஸ் மெஷின் அதைக் கரகரவென்று கக்கிற்று. அவருக்கு ஒரு தம்பி. தம்பிக்கு வீடியோ கேம் செய்யும் தொழில். ‘இரும்புக்கோட்டை’ என்ற பெயரில் மூன்று பாகங்கள் போட்டு, தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி விளையாடும் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூடம் மறக்கச் செய்த புண்ணியவான். அதன் நாயகன் டோர்வால், கொண்டையில் இறகும் கையில் வாளும் முதுகில் அங்கியுமாக, கோட்டை கோட்டையாய்க் குதித்து நாக அரக்கனை வெட்டுபவன். அவனை இப்போது உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு பெட்டிக்குள் இறக்க வேண்டுமாம். உயரம் பதினாறு கட்டம், அகலம் பதினாறு கட்டம், நிறம் நான்கு: வெள்ளை, கறுப்பு, சாம்பல், அழுக்குச் சாம்பல். கட்டத்தில் உருவம் போட உங்கள் ஊர் ஆட்களைவிடக் கைதேர்ந்தவர் யார் என்று கேட்டிருந்தார் ஹென்ட்ரிக். பாராட்டிப் பேசும் பையர் மலிவாக எதையோ கேட்கப் போகிறார் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கடைசி வரியில் இருந்தது அந்த அம்பு: கோட்டை முழுவதையும் வென்று முடிப்பவர் கண்ணுக்கு, உருவம் வரைந்தவரின் பெயர் திரையில் தோன்றும்.

நஜீமுதீன் அந்த வரியை ஏழு முறை படித்தார். மாலையில் மனைவி ஜுபைதாவிடம் சொன்னார். மறுநாள் காலைக்குள் காங்கயம் ரோடு வரைக்கும் செய்தி போய்விட்டது. பெயர் எழுதி அனுப்பும் படிவமும் கூடவே வந்திருந்தது. ஆபீஸ் காகிதம் என்பதால் அது ஆபீஸ் அறைக்குள் போயிற்று.

தொடங்கிற்று போர். பெரிய பங்களாவைக் காலி செய்துவிட்டு ஒற்றையறை லைன்வீட்டுக்குக் குடிவந்தவன் பீரோவை எங்கே நிறுத்துவது என்று திகைப்பதுபோல், டோர்வாலின் அங்கியை எங்கே மடக்குவது, வாளை எங்கே சாய்ப்பது என்று திகைத்தார் நாயகர். திகைத்தாலும் தளரவில்லை. அங்கியை மூன்று கட்டமாக்கினார். மீசைக்கு இரண்டு கட்டம் ஒதுக்கினார். கண்ணுக்கு ஒன்றே ஒன்று. அதனால் டோர்வால் பக்கவாட்டில் பார்க்கும்படியாயிற்று. நடக்க, குதிக்க, குனிய, வெட்ட, வெட்டுப்பட்டு விழ என்று இருபத்து நான்கு நிலைகளில் அவனை வார்த்தெடுத்தார். பிறகு, நீர் கண்டால் சுருங்கும் பனியன் துணியில் பிறந்து வளர்ந்த எந்த மாஸ்டரும் செய்வதைச் செய்தார். கொடுத்த அளவுக்கு மேல் பன்னிரண்டு சதவீதம் நீளம் சேர்த்தார்.

இதை நகைக்காதீர். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உயரத்தைச் சொன்னால், துவைப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்கும் ஊர் இது. பதினாறு கேட்ட பையருக்குப் பதினாறே கொடுப்பவன் இங்கே கற்றுக்குட்டி. பதினெட்டு கொடுப்பவன்தான் மாஸ்டர். டோர்வால் பதினெட்டு கட்டம் வளர்ந்து, நெஞ்சு நிமிர்த்தி, கடல் கடந்து போனான்.

பத்தாம் நாள் ஃபேக்ஸ் வந்தது: “உங்கள் வீரன் கோட்டை வாசலில் நுழையவில்லை. வாசல் பதினாறு கட்டம். இவன் தலை இடிக்கிறது.”

அப்புசாமி அதை வாசித்து, கலங்காமல், இதைப் போன்ற நூறு புகார்களைப் பார்த்த கைகளால் பதில் வரைந்து அனுப்பினார்: “தயவுசெய்து ஒரு முறை துவைத்துவிட்டு அளந்து பார்க்கவும்.”

ஹாலந்து ஒரு நாள் முழுக்க யோசித்தது. பிறகு ஒரே வரி: “எதைத் துவைப்பது?”

பதில்: “மிதமான வெந்நீர். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் காயப்போடவும்.”

சனிக்கிழமை காலை டெலிபோன் அலறிற்று. ஹென்ட்ரிக் பேசினார், தம்பி பின்னாலிருந்து கத்தினார். மேசையருகே நின்ற நஜீமுதீனின் காதில் அசரீரிபோல் விழுந்தது அந்தப் பிரகடனம்: இது நூல் அல்ல, வெளிச்சம். வெளிச்சம் சுருங்காது. திங்கட்கிழமைக்குள் இரண்டு கட்டம் குறையாவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போகும். வேறு பெயர் திரையில் வரும்.

அப்புசாமி போனை வைத்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சரக்கைக் கண்டு வியந்தார். “சுருங்கவே சுருங்காதாமுங்க பாய்! அதுல காலர் போட்டா எப்படி இருக்கும்?”

“இருக்கறவனை இப்ப எப்படிங்க மொதலாளி வெட்டறது?” என்றார் நஜீமுதீன்.

“கால்ல ரெண்டு கட்டம் மடிச்சுத் தச்சுருங்க.”

ஞாயிற்றுக்கிழமை. வெயில் விழும் ஜன்னலோரம், பாய் மேல், இருபத்து நான்கு டோர்வால்களும் வரிசையாய் நிற்க, எதிரே ரப்பர் என்னும் பாசுபதத்தை ஏந்தி அமர்ந்தார் நாயகர். இறகை எடுக்கலாமா? இறகில்லாத டோர்வாலைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. காலணியை எடுத்தால் வீரன் தரைக்கு மேல் மிதந்தான், பேய்போல. தொடையில் கை வைத்தால் குதிக்கும்போது குழந்தை தவழ்வதாகத் தோன்றிற்று. இடையைக் குறைத்தார், வாள் நழுவித் தனியே நின்றது. மீசையை ஒரு கணம் அழித்தார். அழித்த கணத்திலேயே, ஹாலந்துக்கு நெருப்பு வைத்தாலும் சரி, மீசையில்லாதவனுக்குத் தம் பெயரைத் தரமாட்டேன் என்று சூளுரைத்து மீண்டும் வரைந்தார். யானைகள் மோதிய களம்போல் ரப்பர்த்தூள் மலையாய்க் குவிந்தது. லுஹர் தொழுகை முடிந்தது. அஸர் நெருங்கிற்று. ஒரு வரிசையும் குறைந்தபாடில்லை.

டீயோடு வந்தார் ஜுபைதா. “ஏங்க, இது மூணாவது டீ. முன்ன வச்ச ரெண்டும் அப்படியே ஏடு கட்டிக் கெடக்குது.”

“ரெண்டு வரிசை எடுக்கோணும் ஜுபைதா. எதை எடுத்தாலும் ஆளு செத்துப்போறான்.”

ஜுபைதா குனிந்து பார்த்தார். “கழுத்து எதுக்குங்க இவனுக்கு?”

“கழுத்தில்லாம ஒரு மனுசன் இருப்பானா?”

“ஏன், உங்க மொதலாளி இருக்காரே! கழுத்தில்லாமத்தானே மூணு கம்பெனி கட்டியிருக்காரு?” என்ற அந்த மதியூகி, எழுந்திருக்குமுன் இன்னொன்றும் சொன்னார்: “நெத்தியும் வேண்டாமுங்க. கொண்டைக்குக் கீழ மீசை வந்தாப் போதும். நடுவுல நெத்தியை யாரு பார்த்தா?”

ஆயிரம் அமைச்சர் கூடியும் விளங்காத சூழ்ச்சி ஒரு டம்ளர் டீயோடு விளங்கிற்று. நாயகர் எழுந்தார், அமர்ந்தார், ரப்பரை முத்தமிட்டார். இருபத்து நான்கு கழுத்துகள் கொய்யப்பட்டன; இருபத்து நான்கு நெற்றிகள் மறைந்தன. சிரம் தாழ்ந்து, தோள் நிமிர்ந்து, அப்புசாமியின் சாயலும் ஹாலந்தின் இறகுமாக, பதினாறே கட்டத்தில் எழுந்து நின்றான் புதிய டோர்வால். திங்களன்று ஃபேக்ஸில் போனான். செவ்வாயன்று பதில் வந்தது: “நுழைந்துவிட்டான்.” அப்புசாமி அந்தப் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்து, “எங்கியோ பார்த்த மூஞ்சியா இருக்குதுங்க பாய்” என்றார். நாயகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்கழியில், காலர் சாம்பிள்களோடு ஒரே பெட்டியில், வந்திறங்கிற்று அந்தக் கருவி. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாக்கள் மூடப்பட, மெஷின்கள் மௌனம் காக்க, முதலில் களமிறங்கினார் டோர்வாலின் ஒவ்வொரு கட்டத்தையும் ஈன்ற நஜீமுதீன். முதல் பள்ளத்தில் விழுந்தார். மறுபடி விழுந்தார். தாம் வரைந்த ‘வெட்டுப்பட்டு விழும் நிலை’ எவ்வளவு தத்ரூபமாக அமைந்திருக்கிறது என்பதைப் பதினொரு முறை கண்டு களித்தார். கோட்டையை முடித்தால்தான் பெயர் வரும். பெயரோ பன்னிரண்டு கோட்டைகளுக்கு அப்பால் இருந்தது. அடுத்து வாங்கிய அப்புசாமி, கருவியைத் தலைகீழாகப் பிடித்து அரைமணி நேரம் ஆடி, படம் சரியில்லை என்று தீர்ப்பளித்தார்.

அப்போது எழுந்தாள் பழனியம்மாள். நாளுக்கு ஆயிரம் காலரைத் தடவி, அறுந்த கண்ணி எங்கே, விட்ட தையல் எங்கே என்று ஒரே பார்வையில் பிடிக்கும் செக்கிங் பிரிவின் சிங்கம். “குடுங்க பாய், உங்க ஆளு பள்ளத்துலயே குடியிருக்கறான்” என்று வாங்கியவள் அன்று இரண்டு கோட்டை கடந்தாள். அந்தப் பெட்டிக்கு நினைவு கிடையாது. அணைத்தால் மறுநாள் முதலிலிருந்து. ஒரு வாரம் சாப்பாட்டை மறந்து பழகினாள். எட்டாம் நாள், ஒன்று ஐந்துக்குத் தொடங்கி, பள்ளம் தாண்டி, முள் தாண்டி, கதவுகளிலெல்லாம் கழுத்தில்லாத் தலை இடிக்காமல் நுழைந்து, பன்னிரண்டாம் கோட்டையில் நாக அரக்கன் நெருப்புமிழ, நஜீமுதீன் “யா அல்லாஹ்” என்று கண்ணை மூட, அரக்கனின் வயிற்றில் ஒரு கட்டம் மட்டும் மினுக்கி மறைவதைக் கண்டு, “இந்தா, இங்கதான் கண்ணி விட்டிருக்குது” என்று அங்கேயே வாளைச் செருகினாள் அந்த வீரமாதேவி.

அரக்கன் சரிந்தான். கோட்டை இடிந்தது. இசை எழும்பிற்று. பன்னிரண்டு ஆண்டுக் காலர்களும், நாற்பத்தெட்டு வரிசைகளும், மூன்று டம்ளர் ஆறிய டீயும் ஒரு கணத்தில் நெஞ்சில் திரண்டு நிற்க, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முப்பது தலைகளுக்கு நடுவே முன்வந்து குனிந்தார் நாயகர். இருண்ட திரையின் அடியிலிருந்து, கருக்கலில் உதிக்கும் விடிவெள்ளியென, எழுத்தெழுத்தாய் ஏறி வந்தது உருவம் வரைந்தவரின் திருப்பெயர்.

பழனியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். “அப்பு… சாமின்னு போட்டிருக்குதுங்க பாய்.”

எல்லோரும் திரும்பினார்கள். அப்புசாமி, இல்லாத கழுத்தைச் சொறிந்தார். “ஏனுங்க, அந்த ஃபாரத்துல ‘பெயர்’னு ஒரு கட்டம் இருந்துச்சுங்க. பெயர்னு இருந்தா என்ற பேரைத்தானுங்க எழுதுவேன்? பாங்க்கு, கரண்ட் ஆபீஸு, எல்லாத்துக்கும் அப்படித்தானுங்களே எழுதறேன்?”

“அப்ப நாளைக்கு நீங்களே குதிங்க மொதலாளி” என்று கருவியை அவர் கையில் வைத்தாள் பழனியம்மாள்.

திரையில் அந்தப் பெயர், உலகம் உள்ளளவும் நிற்பதுபோல் இன்னுமொரு நான்கு நொடி நின்று, மேலேறி மறைந்தது.

மணி இரண்டாகிவிட்டதால் எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.