ஆளுக்கொரு செவித்தகடு

வரிசை தபால் நிலையத்தைத் தாண்டி வளைந்துவிட்டது. வாடகைக் கூடத்துக்குள் நாதயோகி எழுந்தருளியிருந்தார். முன்னால் ஒரு பாட்டுப்பெட்டி. பக்கத்தில் கூடை நிறையச் செம்புத் தகடுகள்.

"ஒருத்தர் காது மாதிரி இன்னொருத்தர் காது இல்ல. ஓட்டு வீட்டுல ஒரு சத்தம், கான்கிரீட் வீட்டுல ஒரு சத்தம்" என்றார் யோகி.

இதில் பொய்யே இல்லை. கைதேர்ந்த வியாபாரி முதல் பேச்சில் பொய் சொல்வதில்லை. அடுத்த பேச்சில்தான் சரக்கு இறங்கியது.

"பொறந்த தேதியைச் சொல்லுங்க. உங்க காதுக்குன்னே ஒரு தகடு இருக்கு. பெட்டி மேல வச்சா, பாட்டு உங்களுக்குத் தக்கபடி மாறும்!"

பிறந்த தேதி தெரியாதவர்கள் தோன்றியதைச் சொன்னார்கள். அதற்கும் தகடு இருந்தது.

தையல்காரம்மா வந்தது பக்தியால் அல்ல, புருஷனால். பட்டறையில் இருபது வருஷம் இரும்பு தட்டியவருக்கு இடது காது மந்தம். வலது காதில் இப்போது சீழ். "இந்த வாரமே வாங்க. தள்ளிப்போட்டா இருக்கற காதும் போயிடும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மனுஷர் தகட்டை நம்பி டாக்டரைக் கைகழுவிவிட்டார்.

"டாக்டர் காதுல மெஷின் மாட்டணும்கிறான். ஊரே சிரிக்கும்டி!"

"மாட்டலேன்னா அந்தச் சிரிப்பும் கேக்காது. நிம்மதிதான்."

அவர்கள் முறை வந்தது. பாட்டு, பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவதுபோல் வந்தது. பட்டறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். யோகி பெட்டியைப் பட்டுத்துணியால் மூடி, உள்ளே கைவிட்டுத் தகடு வைத்து, கண்மூடி உறுமினார். பாட்டு கணீரென்று எழுந்தது.

"கேக்குதுடி!" பட்டறைக்காரர் கண் கலங்கியது. கூட்டம் கைகூப்பியது.

தையல்காரம்மா பாட்டைக் கவனிக்கவில்லை. துணியைக் கவனித்தாள். எந்தத் துணி எதை மறைக்கத் தைக்கப்படுகிறது என்று பார்ப்பதுதானே அவள் பிழைப்பு?

"எனக்கும் ஒரு தகடு பாருங்க சாமி" என்றாள். யோகி துணிக்குள் கைவிட்டுப் பாட்டை மறுபடி முனகலுக்கு இறக்கினார். அவள் துணியை உருவிவிட்டு, இடுப்பிலிருந்த, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் சத்தம் கூட்டும் குமிழிலிருந்து பெட்டிவரை ஒரே கோடாக இழுத்தாள்.

"என்னம்மா இது! நாதம் தடைபடும்!"

"பாட்டுதானே மாறணும் சாமி? குமிழ் எதுக்கு அசையணும்? அசைஞ்சா கோடு முறிஞ்சு காட்டிக்குடுத்துடும்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. யோகி ஒரு தகடு வைத்தார். முனகல். இன்னொன்று. முனகல். வியர்வையோடு கூடையையே கவிழ்த்தார். அப்போதும் முனகல்தான்.

அவள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, இரண்டு விரலால் குமிழைத் திருகினாள். கோடு முறிந்தது, பாட்டு கூரையைத் தொட்டது.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது" என்ற பட்டறைக்காரர் தரையில் சிதறிய தகடுகளைப் பார்த்தார். "டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?"

"அப்போ நான் வாங்கின தகடு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"காகிதம் பறக்காம மேல வச்சுக்குங்க" என்றாள் தையல்காரம்மா. யோகி எழுந்து ஓடியதில் பட்டுத்துணிதான் மிச்சம்.

டாக்டர் வலது காதைக் குணமாக்கினார். இடது காதுக்கு ஒவ்வொரு ஒலியாகக் கேட்கவிட்டு, எது கேட்கவில்லையோ அதை மட்டும் தூக்கித் தரும்படி மெஷினைச் சரிசெய்தார். உறுமவில்லை.

காதுக்குக் கருவி கடையில் கிடைக்கிறது. இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதற்குக் கிடைக்காது. அதை அவரவர்தான் ஒருமுறையாவது உபயோகித்துப் பார்க்க வேண்டும்.