அம்புக்குறி ஒட்டிய வண்டி

மோட்டார் சைக்கிளின் வலது பக்கக் கண்ணாடி மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் மகுடேஸ்வரன் அதைத் தன் உயரத்துக்குத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரால் முறுக்கி வைத்திருந்தார். அதற்கப்புறம் வண்டி வீட்டுப் போர்டிகோவிலேயே நின்றிருக்கிறது. நிற்கிற வண்டியில் கண்ணாடி எப்படித் திரும்பும்?

"கோகிலா! கண்ணாடி தானாத் திரும்புது புள்ள!"

"காத்தடிச்சிருக்குமுங்க," என்றது சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"ஸ்பேனர் போட்ட கண்ணாடியத் திருப்பற காத்தடிச்சா, மாடில தண்ணி டேங்க் இருக்குமா?"

பதிலுக்கு மிக்ஸி ஓடியது.

மகுடேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். அவர் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று பனியனில் எது கண்ணில் பட்டாலும் அதற்கு நேராக ஓர் அம்புக்குறி ஒட்டிவிடுவார். அவர் அம்புக்குறி ஒட்டிய பீஸ் கப்பல் ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. வேலைக்குச் சேரும் புதுப் பெண்களுக்கு அவர் சொல்லித்தரும் பாடமும் ஒன்றே ஒன்றுதான்.

"பீஸைப் பாரு கண்ணு, ஆளைப் பாக்காத. யாரு தச்சாங்க, யாரு தொட்டாங்கன்னு நாம எதுக்குப் பாக்கோணும்? குத்தம் பீஸுலதான் இருக்கும்."

இருபது வருசமாக இந்தப் பாடத்தில் அவர் தோற்றதில்லை. வண்டிக்கும் அதையே வைத்துக்கொண்டார். வாரம் பூராவும் பனியனுக்குச் செக்கிங், ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குச் செக்கிங்.

வண்டி வந்த கதை இதுதான். கம்பெனியில் வேலை பார்க்கும் மோனிஷா என்ற பெண் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தன் போனில் ஒரு படம் காட்டினாள். குஜராத்தில் கட்ச் என்கிற உப்புப் பாலைவனம். கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. மகுடேஸ்வரன் போனை வாங்கிப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தார். ஒரு கறை இல்லை, ஒரு ஓட்டை இல்லை. அம்புக்குறி ஒட்ட ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செத்துப்போவதற்குள் அங்கே ஒருதரமாவது போய் நின்றுவிட வேண்டும், அதுவும் சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று அந்த டிபன் பாக்ஸின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டார்.

வண்டி வந்தது. போவதற்குத்தான் நேரம் வரவில்லை. திருப்பூர் மூச்சு விடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். தெற்கத்தி ஆட்கள் பஸ் ஏறிவிட, வடக்கத்திப் பையன்கள் ரயில் ஏறிவிட, கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். போன தீபாவளிக்கு வண்டி செக்கிங்கில் ஃபெயில். பொங்கலுக்கும் ஃபெயில். இந்தத் தீபாவளியை விட்டால் அவ்வளவுதான். முதலிபாளையத்தில் புது யூனிட் போடும் முதலாளி, "அடுத்த வருசத்துல இருந்து தீவாளி, பொங்கல் நோம்பி நாள்லயும் நீங்க அங்கதான் இருக்கோணுமுங்க மகுடேசு, உங்கள நம்பித்தான் போடறேன்," என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பாராட்டுத்தான். மகுடேஸ்வரன்தான் தீபாவளிக்கு இன்னும் எத்தனை ஞாயிறு என்று காலண்டரில் எண்ண ஆரம்பித்தார்.

கோகிலவாணி ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏனுங்க, பின்னால எனக்கு எடமிருக்குதுங்களா?"

"உனக்கெதுக்கு புள்ள? அது லாங் ரைடு. உன்னால ஆவாது."

சொன்னதோடு நிற்காமல் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பெட்ரோல் கேன் வைக்க இரும்புக் கேரியர் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. காலையில் அவரைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்பாள். வாரத்தில் ஒருநாள் வெள்ளகோவிலுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பொழுதோடு வந்துவிடுவாள். மகுடேஸ்வரனுக்கு அவளிடம் ஒரு குத்தமும் தெரிந்ததில்லை. பார்த்தால்தானே தெரிவதற்கு.

கண்ணாடியைச் சரிபண்ண வண்டியை மினி ஆட்டோவில் ஏற்றி இசக்கிமுத்துவின் பட்டறைக்குக் கொண்டுபோனார். இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஓட்டிக்கொண்டு வர வேண்டிய வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும் ஒரே வாடிக்கையாளரைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"அண்ணாச்சி, வண்டியில ஒரு கொறையும் கெடையாது. சும்மா ஓட்டிப் பாருங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

"செக்கிங் முடியாம ஓட்டறதா? போட்டுப் பாத்துட்டா பனியன ஏத்துமதி பண்றாங்க? கண்ணாடிய வெல்டு வெச்சிரு."

"வெல்டா? பொறவு திருப்ப முடியாதே!"

"திரும்பக் கூடாதுன்னுதானப்பா வெல்டு."

வெல்டிங் சூட்டில் தண்டு லேசாக வளைந்து, கண்ணாடியில் மகுடேஸ்வரனின் சொந்த அக்குள் மட்டும் தெரிந்தது. பின்னால் வரும் லாரி தெரிய வேண்டுமே என்று ஹேண்டில் பாரை உயர்த்தச் சொன்னார். உயர்த்தியதில் உள்ளே ஓடும் ஒயர்கள் விறைத்துக்கொண்டன. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறியது.

"இங்கிருந்து குஜராத் வரைக்கும் எடது பக்கம் திரும்பாமப் போக முடியுமா?" என்று கேட்டார் மகுடேஸ்வரன்.

"கடல்லதான் போகணும் அண்ணாச்சி," என்றான் இசக்கிமுத்து.

அடுத்த ஞாயிறு பெட்ரோல் குறைந்திருந்தது. போன வாரம் கேனில் வாங்கி வந்து தன் கையால் நிரப்பிய டேங்க். முகர்ந்து பார்த்தார், அடியில் துணி விரித்துப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிறகு மீட்டரைப் பார்த்தார். நின்ற இடத்தில் நின்றபடியே வண்டி கிலோமீட்டர் ஓடியிருந்தது.

"இசக்கி, பெட்ரோல் தானாக் கொறையுமா?"

வீட்டுக்கு வரவழைக்கப்பட்ட இசக்கிமுத்து தலையைச் சொறிந்தான். போர்டிகோவைப் பார்த்தான், சமையலறை ஜன்னலைப் பார்த்தான்.

"ஆவியாப் போயிருக்கும் அண்ணாச்சி. வெயில் ஜாஸ்தியில்லா."

"மீட்டரு?"

"அதுவும் வெயிலுதான்."

டேங்கைக் கழற்றி உள்ளே ரசாயனம் பூசினார்கள். பூசியதில் பெட்ரோல் முள் 'ஃபுல்'லிலேயே ஒட்டிக்கொண்டது. மீட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். இனி எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்றும் தெரியாது, எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்றும் தெரியாது. மகுடேஸ்வரன் அம்புக்குறிகளை எடுத்தார்.

அதற்கடுத்த வாரம் பாரச் சோதனை. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி மாட்டி, கூடாரம், அடுப்பு, பம்பு, கயிறு, மருந்து, மாற்று டியூப், பேன்ட்சட்டை எல்லாவற்றையும் திணித்து, கேனையும் ஏற்றிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தார். வண்டி பெருமூச்சு விட்டதுபோல ஒரு அமுங்கு அமுங்கி, அப்படியே வலது பக்கம் சாய்ந்து அவர்மேல் படுத்துக்கொண்டது.

"கோகிலா! செத்தேன்!"

கரண்டியோடு ஓடிவந்த கோகிலவாணி, கரண்டியை ஓரமாக வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் இடுப்பைக் கொடுத்து ஒரே உந்தில் நிமிர்த்திவிட்டாள்.

"பாரத்தக் கையில தூக்கக் கூடாதுங்க. இடுப்பக் குடுக்கோணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் போ," என்றார் மகுடேஸ்வரன், தரையில் படுத்தபடியே. வலியைவிட அவமானம் பெரிசாக இருந்தது. எதிர்வீட்டு மருதாளக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டு வேறு இருந்தார்.

"வண்டி நல்லா ஓடுதுங்களா தம்பி?" என்று சிரித்தபடி கேட்டார் மருதாளக்கா.

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து மகுடேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாய்ந்ததற்குக் காரணம் சைடு ஸ்டாண்டின் நீளம் என்று கண்டுபிடித்து அதை வெட்டினார்கள். வெட்டியதும் பாரம் இருந்தால் நின்றது. பாரத்தை இறக்கினால் இடது பக்கம் விழுந்து செம்பருத்தித் தொட்டியை உடைத்தது. ஆகவே பெட்டிகளை எப்போதும் மாட்டியே வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தால், அவர் திணித்து வைத்த சாமான்கள் அளவெடுத்த மாதிரி மடித்து அடுக்கியிருந்தன. பாதிப் பெட்டி காலியாகக் கிடந்தது.

"நானாடா இப்படி அடுக்கினேன்?" என்று அவருக்கே அவர்மேல் மதிப்பு வந்தது. அந்த ஒரு வாரம்தான் அவர் கொஞ்சம் சந்தோசமாக இருந்தார்.

தீபாவளி வந்தது. மறுநாள் காலை புறப்பாடு. தீபாவளி சாயங்காலம், தெருவெல்லாம் புகையும் வெடியுமாக இருக்க, மகுடேஸ்வரன் போர்டிகோ விளக்கைப் போட்டுக் கடைசிச் செக்கிங்கைத் தொடங்கினார்.

ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினார். ஹாரன் அலறவில்லை. மறுபடி திருப்பினார். ஊஹூம். பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தார், வண்டி விழவில்லை. ஸ்டாண்டு சரியான நீளத்தில் நின்றது. வெல்டு வைத்த கண்ணாடி விரலால் தொட்டதும் திரும்பியது. பெட்ரோல் முள் இறங்கி ஏறியது. செயினில் புதுசாக எண்ணெய் மினுங்கியது.

வேறொருவராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். மகுடேஸ்வரன் வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்தார்.

"ஐயோ, குத்தத்தக் காணமே!"

நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் ஒட்டியிருக்க, அதிரசத் தட்டோடு வந்த கோகிலவாணி, "நல்லதுதானுங்களே?" என்றாள்.

"உனக்கென்ன புள்ள தெரியும்? தானா வந்த குத்தத்தக்கூட நம்பிரலாம். தானாப் போன குத்தத்த நம்பவே கூடாது. இன்னைக்குக் காணாமப் போனது நாளைக்கு நடு ரோட்டுல வந்து நிக்கும். அத்துவானக் காட்டுல நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

குத்தம் இருந்த இடங்களுக்கெல்லாம் நினைவிலிருந்தே அம்புக்குறி ஒட்டினார். கண்ணாடிக்கு, ஹாரனுக்கு, டேங்குக்கு, மீட்டருக்கு, ஸ்டாண்டுக்கு. ஒட்ட ஒட்ட அழுகை வந்தது. வண்டி அம்மை போட்ட குழந்தை மாதிரி ஆகிவிட்டது. படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஃபெயில், கோகிலா. இந்தத் தீபாவளியும் ஃபெயில். இனி முதலிபாளையந்தான். சாகற வரைக்கும் வெள்ளைத் துணியப் பாத்துட்டுக் கெடக்கோணும்னு என்ற தலையில எழுதியிருக்குது."

கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்படியே ஏறிப் போனா என்னங்க ஆயிரும்?"

"ஃபெயில்னா ஃபெயில்தான். அம்புக்குறி ஒட்டினத அனுப்ப மாட்டேன்."

"அப்ப வண்டிய என்ன பண்றதுங்க?"

"எனக்கு வேண்டாம். அதப் பாத்தாலே நெஞ்சு எரியுது. வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போகட்டும்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசந்தான்."

"பொறகால பேச்சு மாற மாட்டீங்களே?"

"அட, எத்தன தடவ கேப்ப? எடுத்துட்டுப் போகட்டும்னா போகட்டும்!"

"செரீங்க," என்று எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. மனுசன் வாழ்க்கையே போய்விட்டது, இவளுக்கு மாவாட்டத் தோன்றுகிறதே என்று மகுடேஸ்வரனுக்கு ஆத்திரமாக வந்தது. அதிரசத்தைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் வெயில் முகத்தில் அடித்தபோதுதான் விழித்தார். காப்பி வாசனை இல்லை. "கோகிலா," என்றார். எழுந்து போர்டிகோவுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வண்டி இல்லை.

பெட்டி இல்லை, கேன் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. வண்டி நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பக்கத்துத் தூணில் அவருடைய அம்புக்குறிகள் ஒன்றுவிடாமல் உரிக்கப்பட்டு, வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. ஃபெயில் ஆன வண்டிதான், வேண்டாம் என்று சொன்ன வண்டிதான். ஆனாலும் பெற்ற பிள்ளை காணாமல் போன மாதிரி இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

எதிர்வீட்டு வாசலில் மருதாளக்கா வெடிக் காகிதக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! வண்டியக் காணமுங்க! எவனோ திருடீட்டுப் போயிட்டான்! பாத்தீங்களா? எந்தப் பக்கம் போனான்?"

மருதாளக்கா விளக்குமாற்றைத் தரையில் தட்டிவிட்டு நிதானமாக நிமிர்ந்தார்.

"அட, பதறாதீங்க தம்பி. வாரா வாரம் வெள்ளகோயிலுக்கு ஓட்டீட்டுப் போற புள்ளதானுங்களே, இன்னைக்குக் கொஞ்சம் எச்சாத் தூரம், என்னமோ வெள்ளையா உப்புக்காடாமா, வர்றதுக்குப் பத்து நாளாகுமாமா. தோசைமாவு ஃபிரிட்ஜுக்குள்ள இருக்குது, நீங்க தேடீட்டு நிக்கக் கூடாதுன்னு டப்பாமேல அம்புக்குறி ஒட்டியிருக்குதுன்னு சொல்லச் சொல்லீட்டுப் போச்சுங்க."